ஏழு குன்றுகளின் நகரில் மூன்று நாள்



பாத்திமா திருத்தலத்திற்குச் செல்ல எண்ணும் குடும்பங்கள் சில, "வழியில் லிஸ்பன் நகரையும் பார்த்துவர விரும்புகிறோம். அங்கே எதைப் பார்ப்பது, எதை உண்பது, எதை வாங்குவது?" என்று இப்பகுதிக்கு மடல் எழுதிக் கேட்டுள்ளன. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாம் பாத்திமாவில் திருவிழாக் கண்டு, பின்னர் லிஸ்பனில் மூன்று நாள் தங்கித் திரும்பினோம். ஆகவே கேட்டவற்றுக்கு எம்மால் இயன்ற அளவில் விடை கூறுவோம். அவற்றோடு எவரும் கேளாத ஒன்றையும் கூற வேண்டியுள்ளது. அது எமக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஆயினும் அதை மறைத்து எழுதினால் இக்கட்டுரை அரைக் கட்டுரையாகவே நின்றுவிடும்.

எம்முடன் வந்தோர் இருவர். ஒருவர் எம் துணைவியார். மற்றவர் எம் தமக்கையார். தமக்கையாருக்கு அகவை 68. கணவரை இழந்தவர். இராமநாதபுரம் மாவட்டத்தில், ஓரியூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், தையல் எந்திரத்தை நம்பி இரு பிள்ளைகளை ஆளாக்கியவர். புனித அருளானந்தர் தம் குருதியைச் சிந்திய அந்தச் செம்மண்ணில் ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அன்று மண்டியிடும் வழக்கமுடையவர். அப்புனிதர் பிறந்த நகரைச் சாகுமுன் ஒருமுறை காணவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அவர் புறப்படுகிறார் என்றறிந்ததும் ஊரில் பன்னிரண்டு குடும்பத்தார் ஆளுக்குச் சிறிது பணம் கொடுத்து, "எங்கள் பெயரால் அங்கே பூசைக்குக் கொடுத்து, ஒரு திரியும் ஏற்றிவையுங்கள், அக்கா" என்று வேண்டிக்கொண்டனர். மொத்தம் 10,000 ரூபாய். ஐரோ நாணயமாக மாற்றியபோது 110 வந்தது. அதைத் தம் கையாலேயே தைத்த துணிப்பை ஒன்றில் வைத்து, பன்னிரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிச் செபப் புத்தகத்துள் மடித்து வைத்துக்கொண்டார்.

சாவியும் சன்னலும்

லிஸ்பன், தேஜோ ஆறு அட்லாண்டிக் மாகடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் உள்ளது. ஏழு குன்றுகளின் நகர் என்பது அதன் மரபுப் பெயர். ஏறி இறங்கும்போது ஏழுதானா என்ற ஐயம் எழும். தெருக்கள் பல படிக்கட்டுகளாகவே உள்ளன. நடைபாதைகள் வெள்ளையும் கறுப்புமான சிறு கற்களைப் பதித்து, அலையும் பூவும் போன்ற கோலங்களாக அமைக்கப்பட்டவை. கண்ணுக்கு விருந்து, ஆனால் மழைத் தூறல் விழுந்துவிட்டால் காலுக்குச் சோதனை. வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி இல்லாமல் முதியோரை அங்கே அழைத்துச் செல்லற்க.

கிராசா என்னும் மேட்டுப் பகுதியில் ஓர் எளிய விடுதியில் தங்கினோம். விடுதியை நடத்தும் மூதாட்டியார் அறையைத் திறந்துவிட்டு, கையிலிருந்ததைத் தமக்கையாரிடம் நீட்டி "ஷாவ்" என்றார். அடுத்து மேசையைத் தொட்டு "மேசா" என்றார். பின்னர் சன்னலைத் திறந்து காட்டி "ஜனேலா" என்றார். தமக்கையார் வியப்போடு எம்மைப் பார்த்து, "தம்பி, இந்த அம்மா நம் ஊர்ப் பேச்சல்லவா பேசுகிறார்கள்!" என்றார்.

அவர்கள் நம் பேச்சைப் பேசவில்லை. நாம்தான் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சொற்கள் சிலவற்றைப் பேசி வருகிறோம். சாவி, சன்னல், மேசை, அலமாரி, கோப்பை, ஏலம், பாதிரி ஆகிய இவையெல்லாம் போர்த்துக்கீசிய மொழி நமக்கு விட்டுச்சென்றவை. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பதும் அவ்வாறே. கொடுக்கல் வாங்கல் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை. அச்சேறிய முதல் தமிழ் நூல் பிறந்ததும் இந்த லிஸ்பன் நகரில்தான். 1554-இல் அச்சிடப்பட்ட அச்சிறு செப நூலில் தமிழ்ச் சொற்கள் இலத்தீன் எழுத்தில் அமைந்துள்ளன. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, நம் முன்னோரின் செபம் இந்நகர அச்சகத்தில் மையேறிவிட்டது. அன்றிரவு இதைக் கூறியபோது தமக்கையார் நெடுநேரம் சன்னலருகில் நின்று, கீழே ஒளிரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குன்றுகளும் ஒரு நவம்பர்க் காலையும்

மேட்டிலிருந்து நகரைக் காண்பதற்கென்றே அமைந்த திறந்த முற்றங்கள் பல உள்ளன. அவற்றுள் கிராசாவுக்கு அருகிலுள்ள மலைமாதா முற்றமே மிக உயர்ந்த காட்சியைத் தருவது. செந்நிற ஓட்டுக் கூரைகள், புனித ஜார்ஜ் கோட்டை, அகன்ற ஆறு, அதன்மேல் 1966-இல் திறக்கப்பட்ட செந்நிறத் தொங்கு பாலம், அக்கரையில் கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்து அரசர் உருவம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே காணலாம். இரண்டாம் உலகப் போரிலிருந்து தம் நாடு காக்கப்படுமானால் அத்திருவுருவத்தை எழுப்புவதாக 1940-இல் போர்த்துக்கல் நாட்டு ஆயர்கள் நேர்ந்துகொண்டனர். அது 1959-இல் திறக்கப்பட்டது.

கீழே சமதளத்தில் உள்ள பாய்ஷா பகுதியின் தெருக்கள் மட்டும் அளந்து கோடிட்டாற்போல் நேராக ஓடுகின்றன. அதற்கொரு துயரக் காரணம் உண்டு. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைத் திருப்பலிக்காக ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கிற்று. ஆற்றங்கரைக்கு ஓடியோரைக் கடல் எழுந்து வாரிச் சென்றது. பீடங்களில் எரிந்த திரிகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. பின்னர் அமைச்சர் பொம்பால் பிரபு நகரைப் புதிதாக வகுத்தார். நடுக்கத்தைத் தாங்குமாறு சுவர்களுக்குள் மரச்சட்டக் கூடுகளை வைத்துக் கட்டும் முறை அப்போது கையாளப்பட்டது. கூரையிழந்த கார்மேல் மடத்து ஆலயத்தை மட்டும் முழுதும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வானமே கூரையாக நிற்கும் அதன் வளைவுகளுக்கடியில் நின்றால் 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 காலையில் நம் கரைகள் கண்ட துயரம் நெஞ்சில் எழாமற் போகாது. அது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் திருவிழாக் காலம்.

மேடேற முடியாதோர்க்கென, பழனி மலையின் விஞ்ச் போன்று கம்பிவடத்தால் இழுக்கப்படும் சிறு வண்டிகள் இந்நகரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. 1902-இல் கட்டப்பட்ட 45 மீட்டர் உயரமுள்ள இரும்பு மின்தூக்கி ஒன்றும் உண்டு. 1885-இல் தொடங்கப்பட்ட குளோரியா என்னும் இழுவை வண்டியில் நாம் மூவரும் மகிழ்ந்து ஏறினோம். ஓராண்டு நிறையுமுன், 2025 செப்டம்பர் 3 அன்று, அவ்வண்டி தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தனர் என்ற செய்தி வந்தபோது எம் கை நடுங்கிற்று. அவர்களுக்காக அன்று செபமாலை சொன்னோம். இனிச் செல்வோர் எவ்வண்டி இயங்குகிறது என்று அங்கேயே கேட்டறிந்து செல்க.

கருவாட்டு மணமும் முட்டைக் கருவும்

உணவைப் பற்றிக் கேட்டோர்க்கு ஒரு நற்செய்தி. நம் கடற்கரைக் குடும்பத்தார் லிஸ்பனில் பட்டினி கிடக்க மாட்டார்கள். மளிகைக் கடைகளில் பலகைபோல் விறைத்த பெரும் மீன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வடகடல்களில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய பண்ணா வகை மீன் அது. பகல்யாவ் என்பர். ஒரு நாளுக்குமேல் நீரில் ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றி உப்பைப் போக்கியபின் சமைக்கின்றனர். கடைவாயிலில் நின்று மூச்சை இழுத்த தமக்கையார், "கருவாடுதான், ஐயமில்லை. நம் ஊரில் ஏழை வீட்டுக் குழம்பு, இங்கே விருந்தாளிக்கு வைக்கிறார்கள்" என்றார். உருளைக்கிழங்கு, முட்டையோடு துருவிப் பிரட்டிய பகல்யாவை அவர் விரும்பி உண்டார்.

பரங்கிமிளகாய் என்ற பெயரை நம் பாட்டிமார் வாயில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை நம் கரைக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துக்கீசியரே. ஆனால் அவர்கள் சமையலில் காரம் குறைவு. பீன்சை மாவில் தோய்த்துப் பொரித்ததைத் 'தோட்டத்துச் சிறுமீன்' என்கிறார்கள். நம் பஜ்ஜிக்கு உடன்பிறப்பு எனலாம். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பச்சைக் கஞ்சி முதியோர் வயிற்றுக்கு ஏற்றது. அதில் பன்றி இறைச்சித் துண்டு இடுவது வழக்கம், வேண்டாதோர் முன்னரே சொல்லிவிடுக. பெரிய வீதிகளில் படம் போட்ட பட்டியலோடு அழைக்கும் கடைகளைவிட, சந்துகளில் உள்ளூரார் பகலுணவு கொள்ளும் சிறு கடைகளே விலையிலும் சுவையிலும் நல்லவை. கேளாமலே மேசைமேல் ரொட்டியும் ஒலிவக் காயும் வைப்பார்கள். தொட்டால் அதற்கும் விலையுண்டு. வேண்டாமெனில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெலேம் பகுதியில் கிடைக்கும் முட்டைக்கருப் பாலாடைப் பணியாரத்தின் வரலாறு நம்மவர்க்கு உரியது. மடங்களில் துறவாடைகளுக்குக் கஞ்சி போட முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்தினர். மீந்த மஞ்சட் கருவே இனிப்புகளாக மாறிற்று என்பர். 1834-இல் துறவுமடங்கள் மூடப்பட்டபின், பெலேமில் 1837 முதல் அப்பணியாரம் ஒரு கடையில் விற்கப்படலாயிற்று. இன்றும் அங்கே நீண்ட வரிசை நிற்கிறது. அருகே எரோணிமுஸ் மடத்தின் பேராலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ளது. அம்மடம் எழும்பியது கீழ்த்திசை வணிகத்தின்மீது விதித்த வரிப் பணத்தில். நம் மிளகும் அத்தூண்களில் கல்லாகி நிற்கிறது.

சந்தையும் ஒரு துணிப்பையும்

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் சனியும் சாந்தா கிளாரா திடலில் பழம்பொருட் சந்தை கூடும். அதன் பெயருக்குத் 'திருடியின் சந்தை' என்பதே பொருள் என்று பலரும் கூறுவர். பழைய பித்தளை விளக்கு, ஓவியச் சட்டம், செபமாலை, தேய்ந்த நாணயம் எனக் கிடைக்காதது இல்லை. நீல வண்ணம் தீட்டிய சுவரோடுகளுக்கு லிஸ்பன் பெயர்பெற்றது. ஆனால் பழைய ஓடுகளை அச்சந்தையில் வாங்காதிருத்தல் நன்று. பழங்கட்டடங்களிலிருந்து பெயர்த்துத் திருடியவையும் விற்பனைக்கு வருவதுண்டு. பட்டறைகளில் கையால் தீட்டிய புதிய ஓடுகளையே வாங்குக. தக்கை மரப்பட்டையில் செய்த பைகளும் நல்லவை. எடையில்லாதவை, நீர் புகாதவை. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல்லில் விளைவது. மரத்தை வெட்டாமல், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள்.

எம் வீட்டு முகப்புக்கென ஓர் ஓட்டுப் படத்தை ஒரு பட்டறையில் பார்த்து வைத்தோம். கன்னிமரியும் குழந்தையும். விலை 120 ஐரோ. மறுநாள் வந்து வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். நெரிசல் மிக்க ஒரு வண்டியில் ஏறினோம். தமக்கையாருக்கு முழங்கால் வலி. இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். இறங்கியபின் பார்த்தால் தோட்பையின் வாய் திறந்திருந்தது. துணிப்பையைக் காணவில்லை.

கடவுச்சீட்டுகள் எம் மார்புப் பையில் பத்திரமாக இருந்தன. காவல் நிலையத்தில் பணிவாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கிடைப்பது அரிது என்பதை அவர்கள் முகமே சொல்லிற்று. வெளியே வந்து, அந்த நடைபாதையில் நின்று நாம் பேசிய பேச்சை இங்கே முழுவதும் எழுதக் கூசுகிறோம். "எத்தனை முறை சொன்னேன், பணத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று! கேட்டீர்களா? ஊரார் பணமல்லவா! இதற்குத்தான் வயதானவர்களை அழைத்து வரக்கூடாது என்பது" என்றோம். கடைசிச் சொல் வாயைவிட்டு வெளிவந்த பின்னரே அதன் கூர்மை எமக்குத் தெரிந்தது. ஆயினும் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. துணைவியார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். தமக்கையார் ஒன்றும் கூறவில்லை. சிறு வயதில் எமக்குச் சோறூட்டிய கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை ரோசியு சதுக்கத்தருகே புனித தோமினிக் ஆலயத்துள் நுழைந்தோம். 1959-இல் எரிந்த அவ்வாலயத்தின் தூண்கள் வெடித்துக் கருகிய நிலையிலேயே நிற்கின்றன. அதனினும் கொடிய தீ ஒன்று 1506-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே பற்றியது. பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய அந்நாளில், ஆலயத்துள் கண்ட ஒளி ஒன்றைப் புதுமை எனப் பலர் போற்ற, யூத குலத்திலிருந்து கட்டாயத்தால் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அதை ஐயுற்றுப் பேசினார். அவரை வெளியே இழுத்துக் கொன்றார்கள். துறவிகள் சிலரே தூண்டிவிட, மூன்று நாள் படுகொலை நகரெங்கும் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2008-இல் அவர்கள் நினைவாக ஆலயத்திற்கு எதிரில் ஒரு கல் நாட்டப்பட்டது. கத்தோலிக்கராகிய நாம் அக்கல்லின் முன் தலைகுனிந்து நிற்கவே வேண்டும். பிறர் கையில் வாளாக இருந்தது எம் வாயில் சொல்லாக இருந்ததை அன்று நாம் எண்ணிப் பார்த்தோமா? இல்லை. அந்நாளைய மனிதரின் கொடுமையைக் குறித்துத் துணைவியாரிடம் நீண்ட விளக்கம் அளித்துவிட்டு, தமக்கையாரோடு ஒரு சொல்லும் பேசாமல் உறங்கச் சென்றோம்.

பதுவையின் புனிதர் பிறந்த வீடு

காலையில் விழித்தபோது தமக்கையாரின் படுக்கை காலியாயிருந்தது. நெஞ்சு பதைத்து இறங்கி ஓடினோம். விடுதி மூதாட்டியார் கீழ்நோக்கிக் கைகாட்டி, "சாந்து அந்தோனியு" என்றார்.

நாம் பதுவைப் புனிதர் என அழைக்கும் அந்தோனியார் உண்மையில் லிஸ்பன் நகரத்தவர். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறந்து பெர்னாந்து என்னும் பெயருடன் வளர்ந்தார். 1231-இல் இத்தாலியின் பதுவை அருகே இறந்தார். "உங்களுக்கு அவர் இறந்த ஊர், எங்களுக்கு அவர் பிறந்த ஊர்" என்று லிஸ்பன் மக்கள் உரிமை பாராட்டுகிறார்கள். ஜூன் 13 அவர்களுக்குப் பெருவிழா. தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை எழும்பும். அவர் பிறந்த வீடு இருந்ததாகக் கூறப்படும் இடத்தில், 1147-க்குப் பின் எழுந்த பேராலயத்திற்கு அருகிலேயே, சிறு ஆலயம் ஒன்று உள்ளது. அடியில் நிலவறைச் சிற்றாலயம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982-இல் அங்கே வந்து செபித்தார்.

அத்தனை படிகளையும் வலிக்கும் காலோடு தனியே இறங்கியிருந்தார் எம் தமக்கையார். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார் என்பது நம் குடும்பங்களின் நம்பிக்கையன்றோ! ஆலய வாயிற்படியில் அமர்ந்திருந்தவர் எம்மைக் கண்டதும் எழ முயன்றார். நாம் அருகில் அமர்ந்தோம்.

"பணம் கிடைக்கவேண்டுமென்று கேட்டீர்களா, அக்கா?"

"பணத்தை ஏன் கேட்கிறேன், தம்பி? அது போனது போனதுதான். நேற்று மதியத்திலிருந்து நீ என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்."

எம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. கைகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். "விடு, விடு, பசிக்கிறது, ஏதாவது வாங்கிக்கொடு" என்றார். அருகிலிருந்த கடையில் ரொட்டியும் பால் கலந்த காப்பியும் அருந்தினோம். துணிப்பை கிடைக்கவில்லை என்பதை வாசகர்கட்கு இங்கேயே கூறிவிடுகிறோம். இன்றுவரை கிடைக்கவில்லை.

பதின்மூன்று திரிகள்

அன்று ஓட்டுப் பட்டறைக்கு நாம் செல்லவில்லை. அதற்கென வைத்திருந்த பணத்தைத் தமக்கையார் கையில் கொடுத்தோம். முதலில் மறுத்தார். "ஊரார் பணத்தைத் தொலைத்தது நான்" என்றார். "உங்களை நெரிசலில் நிற்க வைத்தது நான்" என்றோம். பெயர்த் தாள் செபப் புத்தகத்துள் பத்திரமாக இருந்தது. திருடன் அதைத் தொடவில்லை.

சியாது பகுதியில் 1732 முதல் இயங்கும் புத்தகக் கடையொன்றும், 1789 முதல் நடந்துவரும் மெழுகுதிரிக் கடையொன்றும் உள்ளன. மெழுகுதிரிக் கடையில் தமக்கையார் எண்ணி எடுத்தவை பதின்மூன்று சிறு திரிகள். பெயர்கள் பன்னிரண்டுதானே என்றோம். "எடுத்தவனுக்கு ஒன்று. அவனுக்கும் ஒரு வீடு இருக்குமல்லவா?" என்றார்.

பின்னர் புனித ரோக்கு ஆலயம் சென்றோம். இயேசு சபையாரின் தொடக்ககால ஆலயங்களுள் ஒன்று. 1755-இன் நடுக்கத்திலும் பெருஞ்சேதமின்றித் தப்பியது. உரோமையில் செய்து, பகுதி பகுதியாகக் கப்பலில் கொணர்ந்து பொருத்திய விலையுயர்ந்த பக்கப்பீடம் அங்குள்ளது. எல்லாரும் அதைக் காணச் செல்வர். நம் வாசகர்கள் பொருட்காப்பறையையும் காண்க. புனித சவேரியாரின் வாழ்வை அந்திரே ரெய்னோசு என்னும் ஓவியர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய படவரிசை அதன் சுவரில் உள்ளது. 1541 ஏப்ரல் 7 அன்று, இந்நகர்த் துறையிலிருந்தன்றோ அவர் நம் முத்துக்குளித்துறை நோக்கிக் கப்பலேறினார்!

இறுதியாக, சுரங்க ரயிலேறி அல்வலாதே சென்றோம். நகரின் அப்பகுதி சமதளமாதலால் தமக்கையார் எளிதில் நடந்தார். புனித அருளானந்தர் பெயரால் அங்கே பங்கு ஆலயம் உள்ளது. 1647 மார்ச் 1 அன்று உயர்குடியில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்து, சிறு வயதில் நோயுற்றபோது தாயார் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டபடி ஓராண்டு சபை உடை தரித்தவர் அவர். 1673-இல் நம் நாடு வந்து, அலுவல் நிமித்தம் ஒருமுறை லிஸ்பன் திரும்பியபோது, முன்னாள் தோழரான மன்னர் இரண்டாம் பேத்ரு தம்மோடு தங்கும்படி வேண்டினார். தங்கியிருந்தால் அரண்மனையில் முதுமை கண்டிருப்பார். 1690-இல் மீண்டும் கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டார். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஆலயத்திலிருந்த குருவானவரிடம் தமக்கையார் பெயர்த் தாளையும் காணிக்கையையும் நீட்டி, ஓரியூர்த் திருத்தலப் படமொன்றையும் கொடுத்தார். அவர்களுக்குள் பொதுமொழி இல்லை. தமக்கையார் தம் நெஞ்சைத் தொட்டு "ஓரியூர்" என்றார். குருவானவர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பின் எழுந்து நின்று இரு கைகளாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க முயன்று, நாக்குப் பிறழ்ந்து சிரித்தார். தமக்கையார் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல் பன்னிரண்டையும் சொல்லிக்கொடுத்தார். ஓரியூரின் பிள்ளைகள் பெயர்கள் அருளானந்தரின் பிறந்த நகரில் ஒலித்தன.

திரிகளில் ஒன்றை, பதின்மூன்றாவதை, அங்கேயே ஏற்றினோம். ஏனைய பன்னிரண்டையும் தமக்கையார் ஊருக்குக் கொணர்ந்தார். பணம் களவு போனதையும், காணிக்கை எம் பணத்தில் செலுத்தப்பட்டதையும் பன்னிரண்டு வீட்டிலும் சொல்லியே திரிகளைக் கொடுத்தார். மறைத்துவிடலாம் என்று நாம் கூறியதை ஏற்கவில்லை. 2025 பிப்ரவரி 4 அன்று, ஓரியூர்ச் செம்மண்ணில் அப்பன்னிரண்டு திரிகளும் எரிந்ததை நாம் நேரில் கண்டோம்.

ஆகவே, லிஸ்பன் செல்லும் அன்பர்களே! பணத்தை ஓரிடத்தில் வையாது பிரித்து வையுங்கள். நெரிசலில் தோட்பையை மார்புக்கு முன்னே அணியுங்கள். ஒரு நாளுக்கு ஒரு குன்று போதும். பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென்று முதியோரை விரட்டாதீர்கள், அவர்கள் நடக்கும் வேகமே உங்கள் வேகமாகட்டும். எது தொலைந்தாலும் உடன்வந்தவரின் மனத்தை நோகச் செய்யாதீர்கள். எம் வீட்டு முகப்பில் அந்த ஓட்டுப் படத்திற்கென ஒதுக்கிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. வருவோர் காரணம் கேட்கிறார்கள். கேட்போர்க்கெல்லாம் இக்கதையைச் சொல்லி வருகிறோம்.

அடுத்த திங்கள் சந்திப்போம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!